எரியுதுல்ல, அப்புறம் என்ன?

கொஞ்சம் புலம்பப் போறேன் மக்களே, பொறுத்துக்கோங்க.

மகளுக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. டிராஃபிக் சிக்னல் செய்யணும். இந்த மும்பை ஓட்டத்தில் யாருக்கு நேரம்? எல்லாரையும் போல நானும் ரெடிமேட் பெட்டி ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். மூணு எல்இடி, ரெண்டு பென்சில் செல், கொஞ்சம் ஒயர். ரெசிஸ்டர் மட்டும் இல்லை. உள்ளே இருந்த தாளில், எல்இடிக்கு 3 வோல்ட் வேணும், ரெண்டு செல்லும் சேர்ந்தா 3 வோல்ட், அதனால் நேரா மாட்டுங்கன்னு விளக்கம் வேற!

மதியத்துக்குள் சிவப்பு மங்கிப் போச்சு. புது செல் போட்டுப் பார்த்தாள். பச்சை பளிச்னு எரியுது, சிவப்பு அழுது வடியுது. டீச்சரிடம் சொன்னால், "இன்னொண்ணு மாத்திடுங்க, ஒரு ரூபா சாமான்தானே?" பக்கத்து ஃபிளாட் நண்பர் இன்னும் ஒருபடி மேலே. "எரியுதுல்ல சார், அப்புறம் என்ன?"

அப்புறம் நிறைய இருக்கு சார்.

எல்இடியை டார்ச் பல்பு மாதிரி நினைக்கிறதுதான் கோளாறே. பல்பின் இழை சூடானால் அதன் தடை ஏறும். கரண்ட்டைத் தானே அடக்கிக்கும். எல்இடி நேர் எதிர். சிவப்புக்கு 2 வோல்ட் பக்கம் போதும். அதைத் தாண்டி வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறினாலே கரண்ட் மடமடன்னு ஏறும். சூடு ஏற ஏற இன்னும் அதிகமா இழுக்கும். சாதாரண 5 மி.மீ. எல்இடி தாங்குறது சுமார் 20 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் போகாமல் கடிவாளம் போடத்தான் ரெசிஸ்டர். பச்சை பிழைச்சதுக்குக் காரணம், இப்போ வர்ற பல பச்சை எல்இடிகளுக்கு 3 வோல்ட் கிட்ட தேவைப்படும். அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

"பட்டன் செல்லில் நேரா மாட்டினா எரியுதே?" உடனே யாராவது கேப்பீங்க, தெரியும். அந்தச் செல்லுக்குள்ளேயே தடை இருக்கு, அதுதான் காப்பாத்துது. ரெசிஸ்டர் வேண்டாம்னு அர்த்தம் இல்லை.

கணக்கும் பெரிய கணக்கில்லை. 3-லிருந்து 2 போனால் மிச்சம் 1 வோல்ட். அதை 15 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 67 ஓம் சொச்சம். கடையில் 68 ஓம் கிடைக்கும். நீலம், சாம்பல், கருப்பு பட்டை. இதே 9 வோல்ட் பேட்டரின்னா மிச்சம் 7, அதுக்கு 470 ஓம். கழித்தலும் வகுத்தலும் தெரிஞ்ச எந்தப் பிள்ளையும் போடும். ஓம் விதி பாடத்தில் வர்றதுக்கு முன்னாடியே அது கையில் பிடிபட்டிருக்கும். அந்த வாய்ப்பைத்தான் பெட்டிக்காரர் ரெசிஸ்டரோடு சேர்த்து எடுத்துட்டார். மிச்சம் பிடிச்சது சில்லறைக் காசு.

எனக்குக் கோபம் செத்துப்போன எல்இடி மேல் இல்லைங்க. ஏன் போச்சுன்னு கேட்ட பிள்ளையிடம் வேற வாங்கிக்கோன்னு சொன்னாங்க பாருங்க, அதுமேலதான்.

சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கிட்டு லேமிங்டன் ரோடு போனேன். நம்ம ரிச்சி தெரு மாதிரியே நெரிசல். கடைக்காரரிடம் அவளே 68 ஓம் கேட்டு வாங்கினாள். இப்போ வெள்ளை எல்இடிக்கு எவ்வளவுன்னு நோட்டில் கழிச்சுக்கிட்டு இருக்கா. ரெண்டு செல்லில் மிச்சமே வரலையேப்பான்னு இப்பதான் வந்து கேட்டாள். மூணாவது செல் தேடணும், வர்றேன்.