கைத்தறிச் சங்கத்தில் நெசவாளர் யார்: உறுப்பினரா, முதலாளியா?

மதுரை வட்டாரத்தில் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் புதுசு இல்லை. சங்கம் நூல் கொடுக்கும். வீட்டுத் தறியில் நெய்து கொடுத்தால் கூலி. துணியை 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் வாங்கி விற்கும். பேப்பர்ல பார்த்தா, பங்குத்தொகை கட்டிய நெசவாளர்தான் சங்கத்துக்குச் சொந்தக்காரர்.

நிஜத்தில்? தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழு இல்லாத காலங்களில் அரசு நியமிக்கும் தனி அலுவலர் கையில்தான் சங்கம். என்ன டிசைன், என்ன விலை என்பதில் தறியில் உட்காருபவருக்குப் பெரிய பேச்சு கிடையாது. அப்புறம் எப்படி அவர் முதலாளி?

தொழிலாளியே முதலாளி என்பது நடக்காத கதையும் இல்லை. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள மோன்ட்ராகன் ஊரில், ஒரு பாதிரியார் 1943-ல் தொழிற்பள்ளி ஆரம்பித்தார். அங்கே படித்த 5 பேர் 1956-ல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அது இன்று பல்லாயிரம் பேர் வேலை பார்க்கும் கூட்டுறவுக் குழுமம். ஆளுக்கொரு ஓட்டு, மேனேஜரை நியமிப்பது தொழிலாளர் தேர்ந்தெடுத்த குழு. உச்சச் சம்பளம் பெரும்பாலும் அடிமட்டச் சம்பளத்தைப் போல 6 மடங்குக்குள். (நம்ம ஐ.டி. கம்பெனிகளில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்!) 2013-ல் அதன் ஃபாகோர் வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம் திவாலானபோது, வேலை இழந்த பலருக்குக் குழுமத்தின் மற்ற கூட்டுறவுகள் இடம் கொடுத்தன.

அவ்வளவு தூரம் வேண்டாம். கேரளத்தின் வடகரை அருகே 1925-ல் பிறந்த ஊராளுங்கல் தொழிலாளர் சங்கம் ரோடு, பாலம் கட்டுகிறது, கோழிக்கோட்டில் ஐ.டி. பார்க்கே நடத்துகிறது.

கைத்தறிக்கு அரசு மானியம் கட்டாயம் வேண்டும். அதற்காக லகானும் அரசு கையிலேயே இருக்கணுமா? சங்கத் தேர்தலைக் காலாகாலத்தில் நடத்துவதில் ஆரம்பிக்கலாம். அதுக்குப் புதுத் திட்டம்கூட தேவையில்லை.