சீட்டாவும் சுணையும்

மேல்நிலை வகுப்பு விலங்கியலில் மண்புழு பாடம் உண்டு. மண்புழுவின் உடலில் 'சீட்டாக்கள்' உள்ளன என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். சீட்டா என்றால் என்னடா என்று பேரனைக் கேட்டேன். "நகர்றதுக்கு உதவும், தாத்தா" என்றான். அது அதன் வேலை. சொல்லுக்குப் பொருள்? அதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இந்தச் சொல் வேறு வாசல் வழியாக வந்தது. பிரெஞ்சில் 'சுவா' என்றால் பட்டு. பன்றி மயிர்த் தூரிகையின் மயிரும் சுவாதான், மண்புழுவின் மயிரும் சுவாதான். மூலம் லத்தீனின் 'சைட்டா', அதாவது மிருகத்தின் முரட்டு மயிர். நம் மாவட்டத்து ஆரணிப் பட்டுக்கும் பன்றி மயிருக்கும் அந்த மொழியில் ஒரே பெயர்!

கிரேக்கத்தில் 'கைட்டே' என்றால் நீண்ட கூந்தல், பிடரி மயிர். மண்புழு இனத்துக்கு ஒலிகோகீட்டா என்று பெயர்; சில மயிர்களே உடையவை என்று பொருள். கடற்புழுக்கள் பாலிகீட்டா, பல மயிர்கள் உடையவை. இப்படிச் சொல்லிக் கொடுத்தால் எந்தப் பிள்ளை மறக்கும்?

தமிழிலும் இதற்குச் சொல் இருக்கிறது: சுணை. வெண்டைக்காய்ச் சுணை, மூங்கில் சுணை, கம்பளிப்பூச்சிச் சுணை நாம் அறிந்தவை. மண்புழுவை வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் விரலில் சொரசொரக்கும். அந்தச் சுணையை மண்ணில் ஊன்றித்தான் அது முன்னேறுகிறது.

சுணைக்கு உணர்ச்சி என்றும் பொருள் உண்டு. 'சுணை கெட்டவன்' என்று திட்டுகிறோமே, அதுதான். பூச்சிகளின் நுண்மயிர்கள் பல உணர்வுக்கானவை. கரப்பானை அடிக்க விளக்குமாறு ஓங்குவதற்குள் ஓடிவிடுகிறது. அதன் வால் முனையிலுள்ள நுண்மயிர்கள் காற்றின் அசைவை அறிந்துவிடுகின்றன. இரண்டு பொருளும் ஒரே சொல்லில்!

கல்லூரிக்குப் போனால் சீட்டா வேண்டாமா என்பார்கள். வேண்டும். அதை நீக்கச் சொல்லவில்லை. அலுவலகக் கோப்பில் சுருக்கப் பெயரை முதல் முறை எழுதும்போது பக்கத்தில் முழுப் பெயரையும் எழுதுவோம். அடுத்து வருபவருக்குப் புரிய வேண்டுமே. பாடத்திலும் முதல் முறை 'சீட்டா என்னும் சுணை' என்று எழுதி, பிறந்த கதையை இரண்டு வரியில் சொல்லட்டும். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை, பொருள் தெரியாத ஒலியைச் சுமந்து பரீட்சைக்குப் போகக் கூடாது.