குறியும் பதவியும்

கைத்துப்பாக்கிக் குறிசுடுதலின் வரலாற்றைப் பேசுவோர், ஹங்கேரி வீரர் கரோலி தகாச்சின் மனவுறுதியையே புகழ்கின்றனர். 1938-ல் கையெறிகுண்டு வெடித்து அவரது வலக்கை சிதைந்தது. இடக்கையால் பழகி, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 580 புள்ளிகளுடன் உலக சாதனை படைத்துத் தங்கம் வென்றார். 1952-ல் ஹெல்சிங்கியிலும் வென்றார். போற்றத்தக்கதே!

ஆயினும் நண்பர்களே, 1936-ல் இரு கைகளும் நன்றாயிருந்தபோதே அவரைத் தடுத்தது எது? அவர் வெறும் சார்ஜெண்ட். அதிகாரிகளுக்கே அணியில் இடம் என்றது ஹங்கேரி இராணுவ விதி. குண்டை நொந்துகொள்ளும் நாம் அவ்விதியை ஏனோ நொந்துகொள்வதில்லை. தோளிலுள்ள பதவிப் பட்டையைப் பார்த்தா தோட்டா பாய்கிறது?

1896 ஏதென்சிலேயே ஆடவர் கைத்துப்பாக்கி சுட்டனர். பெண்களுக்கெனத் தனிப் போட்டி ஒலிம்பிக்கில் வந்ததோ 1984-ல்தான். அந்த 88 ஆண்டுத் தாமதத்திற்கு எந்தக் கையெறிகுண்டு காரணமாம்?