கண்ணீர் விட்டால் விசுவாசம் குறைவா?

ஒருவர் மனமுடைந்து உட்கார்ந்திருக்கிறார். நெருங்கியவரின் மரணம், தேர்வில் தோல்வி, முறிந்து போன உறவு... காரணம் எதுவாகவும் இருக்கலாம். கிறிஸ்தவ வீடுகளில் அப்போது அவருக்கு அடிக்கடி கிடைக்கும் ஆறுதல் என்ன? "அழாதே, ஜெபம் பண்ணு. விசுவாசம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்."

சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் கேட்பவருக்கு ஏற்கெனவே இருக்கும் வேதனையோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. அழுகை நிற்கவில்லையே, அப்படியானால் தனக்கு விசுவாசமே இல்லையோ என்று!

வேதாகமத்தைத் திறந்து பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. 150 சங்கீதங்களில் கணிசமானவை புலம்பல்கள். அவற்றில் பலவும் அழுகையில் தொடங்கி நம்பிக்கையில் முடியும். ஆனால் 88-ஆம் சங்கீதம் அப்படி முடியாது. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே 'இருள்' என்பதுதான். இது வேண்டாம் என்று யாரும் அதை நீக்கிவிடவில்லை. அதுவும் ஜெபம்தான்!

லாசருவின் கல்லறைக்குப் போன இயேசு, இன்னும் சற்று நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப் போகிறவர். ஆனாலும் அழுதார். அழுகை விசுவாசக் குறைவு என்றால், அந்தக் கண்ணீரை என்னவென்று சொல்வது?

எலியாவின் கதை இன்னும் முக்கியமானது. கர்மேல் மலையில் வெற்றி பெற்ற அதே தீர்க்கதரிசி, யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறார். அவருக்கு எந்தப் பிரசங்கமும் கிடைக்கவில்லை. தூக்கமும், தணலில் சுட்ட அடையும், ஒரு பாத்திரம் தண்ணீரும்தான் கிடைத்தன. அதுவும் இரண்டு முறை. பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

நார்னியா கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸின் அனுபவமும் இதையே சொல்கிறது. கடவுள் ஏன் வலியை அனுமதிக்கிறார் என்று 1940-ல் தர்க்கரீதியாக ஒரு புத்தகமே எழுதியவர் அவர். 1960-ல் அவருடைய மனைவி ஜாய் புற்றுநோயால் இறந்தபோது அந்தத் தர்க்கம் கைகொடுக்கவில்லை. கோபத்தையும் சந்தேகத்தையும் ஒளிக்காமல் நோட்டுப் புத்தகங்களில் எழுதித் தள்ளினார். அது 1961-ல் புனைபெயரில்தான் வெளிவந்தது. ஆனால் அவர் கடவுளை விட்டுப் போகவில்லை. சண்டை போட்டார், சண்டை போட்டபடியே கூட இருந்தார்.

விசுவாசம் தருவது இதுதான். அது வலி தெரியாமல் இருக்கப் போடும் மயக்க ஊசி அல்ல. "ஏன்?" என்று கேட்க அது ஒரு முகவரி தருகிறது. வெறும் சுவரைப் பார்த்துக் கத்துவதற்கும், கேட்கிற ஒருவரிடம் கத்துவதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? பதில் உடனே வராமல் போகலாம். ஆனால் கேட்பவர் தனியாக இல்லை.

ஜெபமா, மருத்துவரா என்ற விவாதமும் தேவையில்லாதது. எலியாவுக்கு அடையும் தண்ணீரும் தேவைப்பட்டது போல, சிலருக்கு மருந்தும் ஆலோசனையும் தேவைப்படும். அவையும் கடவுள் தந்த வழிகளே. குறிப்பாக, சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் ஜெபத்தோடு நிறுத்திவிடக் கூடாது. அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். இந்தியாவில் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகர்களோடு இலவசமாகப் பேசலாம்.

ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கு யோபுவின் நண்பர்களே பாடம். ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து அவர் மேல் குற்றம் சுமத்தத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கடவுள் கோபப்பட்டதும் புலம்பிய யோபுவிடம் அல்ல, இந்த நண்பர்களிடம்தான்!

அழுகிறவரிடம் "அழாதே" என்று சொல்வது சுலபம். பக்கத்தில் உட்காருவதுதான் கஷ்டம். விசுவாசம் கேட்பது அந்தக் கஷ்டமான வேலையைத்தான்.