யார் பெரிய மந்திரவாதி?

தாளும் பென்சிலும் பகடையும் கொண்டு ஆடும் பாத்திர ஆட்டங்களில் ஈடுபாடுள்ள மாணவர்கள் நால்வர் மாமாக் கடையில் கூடினால், தே தாரிக் ஆறுவதற்குள் ஒரு கேள்வி எழுந்துவிடும். மந்திரம் பயன்படுத்தும் பாத்திரங்களுள் யார் வல்லவர்? பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்லும் விடை, ‘விசார்ட்’. நானும் நெடுநாள் அவ்விடையையே சொல்லி வந்தேன். அது தவறு என்று வாதாட இக்கட்டுரையை எழுதவில்லை. அந்தக் கேள்வியே அரைகுறையானது என்பதுதான் என் கருத்து.

இவ்வாட்டத்தை அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இரு அமெரிக்கர்களின் படைப்பாக வெளிவந்தது. ஒருவர் ஆட்ட நடத்துநராக இருந்து கதையை நகர்த்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். வெற்றியா தோல்வியா என்பதைப் பகடை முடிவு செய்யும். மந்திரம் ஓதும் பாத்திரங்களுக்கு ஒரு நாளில் இத்தனை முறைதான் ஓதலாம் என்ற வரையறை உண்டு. அந்த வரையறையை இங்கு ‘வாய்ப்பு’ என்று அழைக்கிறேன்.

மந்திரவாதி என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுபவர்களை இவ்வாட்டம் பலவாகப் பிரிக்கிறது. விசார்ட் படித்துத் தேர்ந்தவர். தம் மந்திரங்களை ஏட்டில் எழுதி வைத்திருப்பார். அன்றன்றைக்கு வேண்டியதைத் தேர்ந்து ஆயத்தம் செய்வார். சோர்சரருக்கு மந்திரம் பிறவியிலேயே வந்தது. அவர் அறிந்தவை சில. ஆனால் அவற்றை வளைத்தும் நீட்டியும் ஓத வல்லவர். கிளெரிக் தெய்வத்தின் அருள் பெற்றவர். அவருக்கு ஏடு தேவையில்லை. வார்லாக் ஏதோ ஒரு பேராற்றலோடு உடன்படிக்கை செய்து கொண்டவர். அவருக்கு வாய்ப்புகள் மிகக் குறைவு. ஆயினும் ஒரு மணி நேரக் குறு ஓய்வு எடுத்தால் அவை திரும்பக் கிடைத்துவிடும். மற்றவர்கள் பொதுவாக இரவு முழுதும் நெடு ஓய்வு எடுத்தாக வேண்டும்.

விசார்ட்டின் புகழுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பின்படி, இருபதாம் படிநிலையை எட்டிய விசார்ட்டின் ஏட்டில் குறைந்தது 44 மந்திரங்கள் இருக்கும். அதே படிநிலையில் சோர்சரர் அறிந்தவை 15 மட்டுமே. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் உடனே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஏட்டில் 44 இருந்தாலும் அன்று காலை ஆயத்தம் செய்தவைதான் சண்டையில் கைகொடுக்கும். வெள்ளம் வருமுன் அணை போடுவது அறிவுடைமைதான். எந்தத் திசையிலிருந்து வெள்ளம் வரும் என்று தெரியாதவன் அணையை எங்கே போடுவான்? நாளை நடக்கப் போவதை ஓரளவு அறிய முடிந்தால் விசார்ட்டை மிஞ்ச ஆளில்லை. அறிய முடியாத நாளில், தெரிந்த சிலவற்றை எதற்கும் பயன்படுத்தும் சோர்சரர் அவருக்குச் சளைத்தவர் அல்லர்.

இந்த உண்மை எனக்குப் புத்தகத்தால் விளங்கவில்லை. என் தவற்றால்தான் விளங்கியது.

வெள்ளிக்கிழமை இரவுகளில் விடுதியின் படிப்பறையில் நாங்கள் ஐவர் விளையாடுவோம். நடத்துநர் நான். முதலாமாண்டு மாணவி ஒருவர் புதிதாகச் சேர்ந்து, வார்லாக் பாத்திரத்தை விரும்பி எடுத்தார். அதற்கு ஒரு பெயரும் பின்கதையும் எழுதி, படமும் வரைந்து கொண்டு வந்தார். எங்களுக்குக் கிடைப்பதோ மூன்று மணி நேரம். ஆகவே நான் ஓர் இரவுக்கு ஒரு பெரிய சண்டை வைப்பேன். சண்டை முடிந்ததும் ‘அனைவரும் உறங்கினீர்கள், பொழுது விடிந்தது’ என்று கதையை முடிப்பேன். நான்காம் வாரம் அவர் தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “எனக்கு ரெண்டு தடவைதான் அண்ணே. அப்புறம் ஒரே பிளாஸ்ட்டையே திரும்பத் திரும்ப அடிச்சிக்கிட்டு இருக்கேன். நான் வேற ஏதாவது எடுத்திருக்கணும் போல.” எங்களுள் ஒருவர், “வார்லாக் எப்போதும் அப்படித்தான், வீக்” என்றார். நானும் தலையாட்டினேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை.

அதன் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் பாத்திரங்கள் அப்போது ஐந்தாம் படிநிலையில் இருந்தன. விசார்ட்டுக்கு ஒரு நாளில் ஒன்பது வாய்ப்புகள்; அவற்றுள் இரண்டே மூன்றாம் தரத்தவை. குறு ஓய்வில் ஒரு முறை மீட்டுக்கொள்ளும் திறனையும் சேர்த்தால் மூன்று. அதாவது, எதிரிகளின் நடுவே தீக்கோளம் வெடிக்கச் செய்யும் ‘ஃபயர்பால்’ போன்ற மந்திரத்தை அவர் நாளுக்கு மூன்று முறை ஓதலாம். வார்லாக்கிற்கு உள்ளவை இரண்டே வாய்ப்புகள். ஆனால் இரண்டுமே மூன்றாம் தரத்தவை. நாளில் இரண்டு குறு ஓய்வுகள் கிடைத்தால் அந்த இரண்டு, ஆறாகிவிடும். மூன்றுக்கு ஆறு! ஓய்வே இல்லாத ஒற்றைச் சண்டை நாளிலோ விசார்ட் ஒன்பது வாய்ப்புகளையும் கையில் வைத்துக்கொண்டு சுற்றுக்கு ஒன்றாக இறைக்கலாம். வார்லாக் இரண்டோடு நின்றுவிடுவார்.

2014ஆம் ஆண்டின் நடத்துநர் கையேடு, ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்களையும் இடையிடையே குறு ஓய்வுகளையும் மனத்தில் கொண்டே எழுதப்பட்டது. நான் ஒரு மோதலை வைத்துவிட்டு, ஓய்வையும் மறந்துவிட்டு, அந்தப் பாத்திரம் வலுவற்றது என்று தலையாட்டியிருக்கிறேன். வார்லாக்கை வலுவிழக்கச் செய்தது விதிநூல் அன்று. என் கால அட்டவணை. பந்தியில் கடைசி இலைக்குச் சோறு போகவில்லை என்றால், அந்த இலையில் அமர்ந்தவருக்குப் பசியில்லை என்றா சொல்வோம்? பரிமாறியவரைத்தானே கேட்போம்!

‘அப்படியானால் எல்லாருக்கும் ஒரே அளவு வலிமை கொடுத்துவிட வேண்டியதுதானே?’ என்று சிலர் கேட்கலாம். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். தொடக்கத்தில் சமநிலை காலத்தால் பேணப்பட்டது. 1978ஆம் ஆண்டின் ஆட்டக்காரர் கையேட்டில், முதல் படிநிலை மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே ஒரு மந்திரம்தான். தாக்குப்பிடிக்கும் உயிர்ப்புள்ளிகளும் மிகச் சொற்பம். திருடன் பாத்திரத்தைவிட மெதுவாகவே அவர் அடுத்த படிநிலையை எட்டுவார். இன்று நலிந்திருப்பவர் நாளை ஓங்குவார் என்பது அதன் நியாயம். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு அனைவருக்கும் ஒரே வளர்ச்சி அட்டவணையைத் தந்தது. மந்திரவாதிகள் வாள்வீரர்களை வெகுதூரம் முந்திச் சென்றனர். அதைச் சரிசெய்ய 2008ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு, வீரன் முதல் விசார்ட் வரை எல்லாருடைய ஆற்றல்களையும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது. சமநிலை வந்தது, ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்ற மனக்குறையும் கூடவே வந்தது. 2014இல் வேறுபாடுகள் மீண்டும் திரும்பின. வேறுபாடு இருக்கும்வரை ஒப்பீடும் இருக்கத்தான் செய்யும். அதை வேரோடு பிடுங்கினால் ஆட்டத்தின் சுவையும் உடன் போய்விடும்.

2024ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பில், வார்லாக் நாளுக்கு ஒரு முறை ஒரு நிமிடச் சடங்கு செய்து, வாய்ப்புகளில் பாதி வரை மீட்டுக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். சோர்சரருக்கும் மந்திரங்கள் கூடியுள்ளன. இவை வரவேற்கத்தக்க மாற்றங்கள். எனினும் விதிநூல் எத்தனை முறை திருத்தப்பட்டாலும், பகடை உருளும் மேசையில் யாருக்கு எப்போது வாய்ப்பு கிடைக்கிறது என்பதை அங்கே அமர்ந்திருப்பவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

ஆகவே, தரவரிசைப் பட்டியல்களை நம்பிப் பாத்திரம் தேர்ந்தெடுக்கும் நண்பர்களிடம் நான் சொல்வது இதுதான்: முதலில் உங்கள் நடத்துநரிடம் கேளுங்கள். ஒரு நாளில் எத்தனை சண்டை? ஓய்வு உண்டா? நாளை என்ன வரும் என்று உளவறிய இடம் கொடுப்பீர்களா? இம்மூன்றுக்கும் விடை தெரியாமல் யார் பெரியவர் என்று சொல்வது, திடலைப் பார்க்காமலே ஆட்டக்காரரை எடைபோடுவது போன்றது. நடத்துநர்களுக்கும் ஒரு சொல்: யாராவது சும்மா அமர்ந்திருந்தால், குறையை அவர் தாளில் தேடுவதற்கு முன் உங்கள் தாளில் தேடுங்கள்.

இப்போது எங்கள் கதை ஒரே நாளை மூன்று வெள்ளிக்கிழமைகளுக்கு நீட்டிச் செல்கிறது. இடையிடையே பாத்திரங்கள் மரத்தடியில் ஒரு மணி நேரம் இளைப்பாறுகின்றன. அந்த மாணவியிடம் என் கணக்கைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். “யோசிச்சி சொல்றேன் அண்ணே” என்றார். அவர் வரைந்த படம் இன்னும் என் கோப்பில்தான் இருக்கிறது. ஐந்தாவது நாற்காலியை நாங்கள் எடுத்துவிடவில்லை.