பயிற்சியிடம் பறிபோனால் நாட்டிலும் இடமில்லையா?

ஆள் வேண்டுமென்று அழைத்தவன், அழைக்கப்பட்டவனின் பாதுகாப்புக்கும் பொறுப்பாளியாதல் வேண்டும். இது சட்டம் கற்றோர்க்கு மட்டும் விளங்கும் நுட்பமன்று. அரிவு வெட்டுக்கு ஆள் பிடிக்கும் எமது கமக்காரனும் அறிந்த நியாயமே.

ஜேர்மனி இன்று ஆள் வேண்டி நிற்கின்றது. முதியோரைப் பராமரிக்கவும், மின்கம்பி பூட்டவும், உணவகங்களில் சமைக்கவும் அங்கே போதிய இளைஞர் இல்லை. ஆகவே, 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் வெளிநாட்டாருக்குக் கதவை அகலத் திறந்தது. மொழி கற்றுப் பயிற்சி ஒப்பந்தமும் பெற்றவர் அங்கு சென்று, இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள் வேலைத்தலத்திலும் தொழிற்பள்ளியிலும் பயிலலாம்; கொடுப்பனவும் பெறலாம். எம் இளைஞரும் இவ்வழியை நாடுகின்றனர்.

ஆனால், அக்கதவின் திறப்பு யாருடைய கையில் இருக்கின்றது? ஒரே ஒரு முதலாளியின் கையிலன்றோ! விசாவும் வதிவிட அனுமதியும் பயிற்சியின் பொருட்டே வழங்கப்படுகின்றன. பயிற்சி முறிந்தால் அவற்றின் அடித்தளமும் சரிகின்றது. ஜேர்மனியப் பையன் தன் இடத்தை இழந்தால், தாய்வீட்டில் இருந்துகொண்டே வேறிடம் தேடுவான். எமது பையனோ இடத்தோடு நாட்டையும் இழக்கும் நிலைக்கு ஆளாகின்றான்.

சட்டத்திலே பரிகாரம் இல்லையோ எனின், உண்டு. பயிலுநரின் குற்றத்தாலன்றிப் பயிற்சி முறியுமாயின், அனுமதியைப் பறிக்குமுன், வேறு பயிற்சியிடம் தேடுவதற்கு ஆறு மாதம் வரை வாய்ப்பளிக்க வேண்டுமென்று வதிவிடச் சட்டம் கூறுகின்றது. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் முரண்பாட்டைப் பாருங்கள். பயிற்சியின் தொடக்கத்தில் ஒரு மாதம் முதல் நான்கு மாதம் வரை சோதனைக்காலம் உண்டு; தாதிமைப் பயிற்சியில் அது வழக்கமாக ஆறு மாதம். அக்காலத்தில் முதலாளி முன்னறிவித்தலின்றி, காரணமும் காட்டாது, ஒரு கடிதத்தால் பயிலுநரை நீக்கிவிடலாம். காரணமே எழுதப்படாத கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தன்மேல் குற்றமில்லையென்று அவன் எதைக் காட்டி வாதாடுவான்?

இலங்கைத் தமிழருக்கு இத்தகைய தாள் புதியதன்று. மலையகத் தோட்டங்களிலே முன்பு துண்டு முறை இருந்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த அத்துண்டுச் சீட்டு இல்லையேல், அவன் வேறு தோட்டத்தில் வேலை பெற முடியாது. 1921ஆம் ஆண்டில் சட்டம் அதனை ஒழித்தது. ஜேர்மனியின் முறை அத்துணைக் கொடியதன்று. அங்கே தொழிலாளிக்கு நீதிமன்றமும் உண்டு, சங்கமும் உண்டு. ஆயினும், ஒரு மனிதன் நிற்கும் நிலம் மற்றொருவன் எழுதும் தாளில் தங்கியிருத்தல் எங்கும் அநீதியே.

இந்த அநீதியின் பாதி அங்கே; மறுபாதி இங்கே. காணியை ஈடுவைத்துக் கொண்டுவந்த பணத்தை இலட்சக்கணக்கில் வாங்கும் முகவர்கள், பயிற்சி முறிந்தால் என் செய்வதென்று ஒரு வார்த்தையேனும் சொல்கின்றார்களா? பயிற்சி இடையில் முறிவதை அறிந்த இரண்டு வாரத்துள் பயிலுநர் குடிவரவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றார்களா? "இருவரும் உடன்பட்டுப் பிரிகின்றோம்" என்னும் தாளில் அவசரப்பட்டு ஒப்பமிட்டால், தானே விலகியதாகக் கொள்ளப்பட்டு ஆறு மாத வாய்ப்பே ஆபத்துக்குள்ளாகலாம் என்பதைச் சொல்கின்றார்களா? பெற்றோரும் குற்றமற்றவர் அல்லர். "ஊரார் முகத்தில் எப்படி விழிப்பது?" என்று நாம் அழுவோமென அஞ்சியே பிள்ளை வாய் திறவாதிருக்கின்றான். அவன் மறைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவனுக்குரிய அவகாசத்தை அரித்துத் தின்கின்றது.

நாம் கேட்பவை மூன்று. சோதனைக்காலத்தில் காரணமின்றி நீக்கப்படுவோரைக் குற்றமற்றவராகவே கொண்டு, ஆறு மாதத்தையும் முழுமையாக வழங்குக. "வரை" என்ற சொல்லால் அதனைக் குறைத்தல் ஆகாது. பயிலுநரின் உரிமைகளையும் கடமைகளையும் தமிழில் எழுதிக் கொடாத முகவர் எவரும் பணம் வாங்க அனுமதியாதிருப்பதை இலங்கை அரசு உறுதிசெய்க. சட்டமும் மொழியும் அறிந்த நம் கற்றோர், கிராமந்தோறும் இவற்றை எடுத்துரைக்க முன்வருக.

கமக்காரர்களே, பயிர் ஒருபோகம் பொய்த்தால் வயலைக் கைவிடுகின்றீர்களா? பயிற்சி ஒருமுறை முறிந்த பிள்ளையையும் கைவிடாதீர்கள். கடனைப் பற்றிக் கேட்குமுன், கடிதம் வந்த நாளைக் கேளுங்கள்!