திருமங்கலத்துப் பெண்களும் தலையெழுத்தும்

மதுரை ஜில்லா திருமங்கலம் அரசினர் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்த ஒரு காரியத்தைப் பற்றி நமது வாசகர்களில் பலர் பத்திரிகையில் ஒரு மூலையில் படித்திருப்பார்கள். படித்து மறந்தும் போயிருப்பார்கள். கும்பாபிஷேகத்திற்கு முழுப் பக்கம் கொடுக்கிற பத்திரிகைகள் இதற்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்பதை அவரவர் வீட்டுப் பழைய காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். நாம் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்திய சுதந்திரத்தின் 75-வது வருஷத்தை முன்னிட்டு, சென்னையிலுள்ள ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்னும் ஸ்தாபனத்தார் 2022-ம் வருஷத்தில் ஆசாதிசாட் என்று ஒரு செயற்கைக் கோளைச் செய்தார்கள். எடை சுமார் 8 கிலோ. அதற்குள் 75 சிறு கருவிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 கிராம். இவற்றைத் தயார் செய்தவர்கள் பெரிய பட்டதாரிகள் அல்ல. தேசமெங்குமுள்ள 75 சர்க்கார் பள்ளிக்கூடங்களைச் சேர்ந்த 750 பெண்பிள்ளைகள். அந்த 75-ல் ஒன்றுதான் திருமங்கலம். நமது கிராமங்களில் "அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்களே, அந்த வீட்டுப் பெண்கள்தான் இவர்கள்.

2022 ஆகஸ்டு 7-ந் தேதி காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புதிதாகச் செய்யப்பட்ட எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறு ராக்கெட்டு அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பிற்று. கிளம்பியும் பயனில்லை. பூமியை 356 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே வட்டமாகச் சுற்றவேண்டிய கோள், ஒரு பக்கம் 356, மறுபக்கம் 76 என்ற கோணல் பாதையில் விடப்பட்டது. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது. அது பிடித்து இழுத்துவிடும். ஆகவே பிள்ளைகள் மாதக்கணக்கில் செய்த வேலை அன்றோடு போயிற்று.

இந்த இடத்தில்தான் வாசகர்கள் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இதே நஷ்டம் ஒரு குடியானவன் வீட்டில் நேர்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? புறப்பட்ட வேளை சரியில்லை என்பார்கள். சகுனம் பார்க்கவில்லை என்பார்கள். பெண்கள் கைபட்ட காரியம், அப்படித்தான் ஆகும் என்று சொல்லவும் நாலு கிழங்கள் இருப்பார்கள். கடைசியில் தலையெழுத்து என்று முடித்துவிட்டு, பரிகாரத்திற்கு ஒரு தட்சணையும் வைத்துவிடுவார்கள்.

விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தார் அவ்விதம் செய்யவில்லை. ராக்கெட்டின் சிறு உருவத்தை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போய் வருகிற வழக்கம் அவர்களிடத்திலும் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். அதைப் பற்றி நமக்குள்ள வருத்தம் தனி. ஆனால், தவறு எங்கே என்று தேட உட்கார்ந்தபோது அவர்கள் பஞ்சாங்கத்தை விரிக்கவில்லை. இரண்டாவது அடுக்குப் பிரிகிற சமயத்தில் கருவிகள் வைத்திருந்த தட்டில் கண நேரம் ஓர் அதிர்ச்சி ஏற்பட்டது. அந்த அதிர்ச்சி திசையும் வேகமும் அறியும் கருவிகளைத் தாக்கிற்று. கணக்குப் போடுகிற யந்திரம் அக்கருவிகள் பழுதாகிவிட்டன என்று தீர்மானித்து அவற்றை ஒதுக்கிவிட்டது. அதனால் போதிய வேகம் கிடைக்கவில்லை. இதுதான் அவர்கள் கண்ட காரணம். காரணம் தெரிந்தபின், தட்டின் அமைப்பை மாற்றினார்கள். அடுக்குப் பிரிக்கும் ஏற்பாட்டை மாற்றினார்கள். யந்திரம் தீர்மானிக்கிற முறையையும் திருத்தினார்கள். ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10-ந் தேதி, அதே வகை ராக்கெட்டு ஆசாதிசாட்-2 என்னும் கோளை 450 கிலோமீட்டர் உயரத்தில் சரியாகக் கொண்டுபோய் விட்டது.

தோற்றதைப் பற்றி இவ்வளவு எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். ஜெயித்ததைக் காட்டிலும் அந்தத் தோல்விதான் பிள்ளைகளுக்குப் பெரிய பாடம் என்பது நமது அபிப்பிராயம். காரணம் இல்லாமல் காரியம் கெடாது, கெட்டதைத் திருத்தலாம் என்பதைப் பதினைந்து வயதில் கண்ணால் பார்த்த பெண்ணிடம் எந்த ஜோசியனும் நாளைக்குப் போய்ப் பஞ்சாங்கம் விரிக்க முடியாதல்லவா?

நிற்க, இதை அபூர்வம் என்றும், சேற்றில் முளைத்த தாமரை என்றும் சில கனவான்கள் புகழ்கிறார்கள். இந்தப் புகழ்ச்சியில் நமக்குச் சம்மதமில்லை. சேறு என்று யாரைச் சொல்லுகிறார்கள்? கருவியும், சொல்லிக்கொடுக்க ஆளும், வயிற்றுக்குச் சோறும் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் படிக்கும். இதில் அதிசயத்திற்கு இடமே இல்லை. 1920-ல் சர் பி. தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் பகல் உணவு போட்டபோதே இது தெரிந்த விஷயம். அதே வழியில் 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் தொடங்கிய காலை உணவு, முதலில் 1,545 பள்ளிக்கூடங்களில் 1,14,095 பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அடுத்த ஆகஸ்டில் மாகாண முழுவதுமுள்ள சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்தது. பசித்த பிள்ளைக்கு முதல் மணியில் கணக்கு ஏறாது என்பதைக் கண்டுபிடிக்க மேல்நாட்டுச் சாஸ்திரி யாரும் வேண்டியதில்லை. பெற்ற தாயைக் கேட்டால் போதும்.

தாய் என்றதும் அதே ஜில்லாவின் மற்றொரு செய்தி ஞாபகத்திற்கு வருகிறது. கொடிக்குளத்தில் ஆயி அம்மாள் என்னும் பூரணம் அம்மையார், ஒரு பாங்கியில் குமாஸ்தா வேலை பார்க்கிறவர், இறந்துபோன தம் மகள் ஜனனியின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை 2024 ஜனவரியில் அவ்வூர் நடுநிலைப் பள்ளிக்கு எழுதிக்கொடுத்தார். பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வேண்டும், அதற்கு மகள் பெயர் இருக்கவேண்டும், இவ்வளவுதான் அவர் கேட்டது. நிலத்தின் மதிப்பு சுமார் 7 கோடி ரூபாய். அது போதாதென்று அடுத்த மாதமே இன்னும் 91 சென்ட் கொடுத்தார். பெற்ற மகளைப் பறிகொடுத்தவர் அந்தப் பணத்தை ஒரு சாமியின் தலையில் கிரீடமாக வைத்திருந்தால், உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் மேளதாளத்தோடு வந்திருப்பார்கள். அம்மையார் கொடுத்ததோ மேளமில்லாமல் கொடுத்தது. அந்தக் குடியரசு தினத்தில் முதலமைச்சர் அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தார் என்பது சந்தோஷம்.

இன்னொரு சங்கதியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இந்த ஜில்லாவில் சர்க்கார் பணத்தில் நடக்கிற பள்ளிகளிலேயே கள்ளர் சீரமைப்புப் பள்ளி என்றும், ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றும் பலகைகள் உண்டு. யாரும் சேர்க்காத காலத்தில் அவை கதவைத் திறந்தன. அந்த நன்றியை மறக்கிறவர் நாம் அல்லர். ஆனால் நாங்குநேரியில் 2023-ல் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவார், பள்ளிப் பெயர்களில் ஜாதி வேண்டாமென்று 2024-ல் எழுதிக் கொடுத்தார்கள். 50 கிராம் கருவி செய்ய எந்த ஜாதிப் பலகை உதவிற்று?

கடைசியாக, நமது சொந்த அனுபவம் ஒன்று. நாம் சில வருஷங்களே படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பூதக்கண்ணாடிக் கருவி இருந்தது. கண்ணாடி பீரோவுக்குள் இருக்கும். வெளியே நின்று பார்க்கலாம். ஆயுத பூஜையன்று மாத்திரம் பீரோவைத் திறந்து, அதற்குச் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டி, மறுபடி பூட்டிவிடுவார்கள். அதன் வழியாக ஒரு ஈயின் காலைக்கூட நாம் பார்த்ததில்லை.

இப்போது ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் பெற்றோர் அடங்கிய பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. நடுநிலை வகுப்புகளுக்குக் கருவிகளை எடுத்துவந்து சோதனை செய்து காட்ட வானவில் மன்றம் என்ற ஏற்பாடும் 2022 நவம்பரில் தொடங்கப்பட்டது. நமது தோழர்கள் அவரவர் ஊர்க் குழுவின் அடுத்த கூட்டத்திற்குத் தவறாமல் போகவேண்டும். தங்கள் ஊர்ப் பிள்ளைகள் இந்த வருஷம் எத்தனை சோதனைகளைத் தம் கையால் செய்தார்கள், பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் எழுந்து நின்று கேட்கவேண்டும். கிடைத்த பதிலை நமக்கு ஒரு கார்டில் எழுதினால், ஊர்ப் பெயரோடு பிரசுரிப்போம்.